மறுவிருந்துக்கு வந்த டர்க்கி

துருக்கிக்காரர்கள் தங்கள் நாட்டுப் பெயரை ஆங்கிலத்தில் இனிப் பழையபடி எழுத வேண்டாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் உலகத்தைக் கேட்டுக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர்கள் இப்போது நம் வயதுக்காரர்கள் மட்டும்தான். தமிழில் நமக்கு ஒன்றும் மாறவில்லை. துருக்கி துருக்கியாகவே இருக்கிறது. அந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று ஒரு பறவை. ஆங்கிலத்தில் அந்த நாட்டுக்கும், கிறிஸ்துமஸ் மேசையில் வைக்கிற வான்கோழிக்கும் ஒரே பெயர். அதோடு போகவில்லை. ஓடாமல் படுத்துவிட்ட நாடகத்துக்கும் அதே பெயர், விவரம் கெட்ட ஆளுக்கும் அதே பெயர். அகராதியில் இப்படிப்பட்ட கூட்டத்தோடு உட்கார எந்த நாடுதான் விரும்பும்?

செய்தியைப் படித்துவிட்டு எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயரை வைத்து எங்கள் வீட்டில் ஒரு வாதம் நடந்தது. வாதம் முடிந்தபோது, கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத என் அக்கா வாழாவெட்டியாக வீட்டில் நின்றாள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். இப்போதும் அந்தச் சொல்லை அச்சில் பார்த்தால் அந்த நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டிலிருந்து காயல் பக்கம் இறங்குகிற ஒரு சந்தில் இருந்தது. அப்பாவை அத்தா என்போம்; அவருக்குப் பழைய சாக்கு வியாபாரம். மிளகும் சுக்கும் ஏலமும் வந்து இறங்கிய சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசல் தைத்து, திரும்ப விற்பார். முன்னறையில் கூரை தொடும் வரை சாக்கு அடுக்கியிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தும்மல் உண்டு. ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு மணம் உண்டு, அதன் மேல் ஓர் ஊர்ப் பெயரும் உண்டு. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மலையாளம். தமிழ் எழுத்தை நான் படித்ததே சாக்குகளில் கருப்பு மையால் அடித்திருந்த போடி, விருதுநகர் என்ற பெயர்களைப் பார்த்துத்தான். போடி என்று எழுதிய சாக்கில் ஆலப்புழைச் சுக்கைக் கட்டி அனுப்புவது அத்தாவுக்கு அன்றாட வேலை. ஆனால் வேறு எந்தப் பொருளிலாவது ஊர்ப் பெயர் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். அதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. எங்கள் சந்துக்கு அந்தப் பக்கம் நின்ற அரண்மனையைக் கட்டியவர்கள் போர்த்துகீசியர்கள். பழுது பார்த்தவர்கள் டச்சுக்காரர்கள். பெயர் டச்சு அரண்மனை. அந்த ஊரில் பிறந்தவருக்கு ஒரு பெயரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அக்காவைப் பாலக்காட்டில் கொடுத்திருந்தோம். மச்சானுக்குத் தகப்பனார் இல்லை. அவருடைய தாய்மாமாதான் எல்லாம். நாங்கள் பெரிய மாமா என்றோம். அவருடைய பாத்திரக் கடையில்தான் மச்சான் உட்கார்ந்தார். மச்சானின் அம்மா, அதாவது அக்காவின் மாமி, விதவையான நாளிலிருந்து அந்த அண்ணன் போட்ட சோற்றில்தான் மகனை வளர்த்திருந்தார். கல்யாணப் பந்தலில் அந்த அம்மா எதற்கும் முதலில் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

கல்யாணம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டில் வந்து சில நாள் தங்குவது எங்களில் வழக்கம். பிறகு மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், மறுவிருந்து நடக்கும், சாப்பிட்டு முடித்து இருவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த விருந்தில் முழுக் கோழி ஒன்று வைக்க வேண்டும், வயிற்றில் முட்டையும் வெங்காய மசாலாவும் அடைத்தது. அத்தா கோழியோடு நிறுத்தியிருப்பார். ஆனால் கல்யாணத்தன்று பெரிய மாமா யாரிடமோ, "கொச்சிக்காரங்க ஆட்டெலும்ப எண்ணிப் பாத்துத்தான் வெளம்பறாங்க" என்று சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

டிசம்பர் மாதம். போர்ட் கொச்சியில் ஓர் ஆங்கிலோ இந்தியர் கிறிஸ்துமஸுக்காக வான்கோழி வளர்த்து விற்பார். அத்தா அவரிடம் இரண்டு வாங்கி, தலை மட்டும் வெளியே நீட்டும்படி சாக்கில் ஓட்டை போட்டுக் கட்டி, கைவண்டியில் கொண்டுவந்தார். சந்துமுனையில் சுமைதூக்குகிற சேட்டன்மார் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"எடா, கல்கம் வந்நு! சாக்குக்காரன் கல்கத்த வாங்ஙி!"

அவர்களுக்கு அது கல்கம். அம்மாவுக்கு வான்கோழி. அத்தா மட்டும் அழுத்தமாக டர்க்கி என்றார், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும்.

அதற்கு முன் நான் அந்தப் பறவையைப் பார்த்ததில்லை. தலையிலும் கழுத்திலும் ஒரு பூடை கிடையாது. கொசகொசவென்று சதை மட்டும். கோபம் வந்தால் சிவக்கும், பயந்தால் வெளுத்து நீலம் பாயும். மூக்கின் மேல் ஒரு சதைத் துண்டு தொங்கும், அது நினைத்தபோது நீளும். எந்தச் சத்தம் கேட்டாலும் பதில் சொல்லும். படகு ஊதினால் கத்தும். மூட்டை தூக்குகிறவர்கள் சேர்ந்து குரல் கொடுத்தால் அவர்கள் முடிக்கும் முன் கத்தும். மச்சான் பின்கட்டு ஜன்னலில் நின்று அதைப்போலவே தொண்டையை உருட்டிக் கத்திக் காட்டினார். அது உடனே பதில் சொன்னது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

யூதத் தெருவிலிருந்து ஒரு டீச்சர் அம்மாவிடம் பேச வருவார். வேலையை விட்டு ஓய்ந்தவர். எங்களோடு பேசுவதற்கென்று ஒரு தமிழ் வைத்திருந்தார். அவர் முற்றத்துப் படியில் நின்று பறவையை வெகுநேரம் பார்த்தார்.

"அமெரிக்காவுல என் சித்தி மக வீட்டுல விசேஷம்னா இதான் வெக்கிறாங்களாம். நம்ம யூதங்க வேதத்துல பேர் இல்லாத பட்சியாச்சே, எங்ஙன தின்னலாம்னு நான் கேட்டேன். அவ பறயறா, இது இந்தியாக் கோழி, கொச்சியில நம்ம ஆளுங்க பண்டு தொட்டே தின்னதுதான்னு அங்க பெரியவங்க பறஞ்சிருக்காங்களாம்."

"தின்னிருக்கீங்களா டீச்சர்?" என்றாள் அம்மா.

"நானா? எங்க தெருவுல ஒருத்தரும் தின்னு நான் கண்டதில்ல." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க எங்களப் பாத்துத் தின்னுறாங்க. நாங்க யாரப் பாத்துத் தின்ன?"

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய விஷயம் அல்ல அது என்பது விருந்தன்று தெரிந்தது.

இரண்டில் ஒன்றைப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் வந்து முறைப்படி அறுத்தார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டில் எந்த அண்டாவிலும் அது அடங்கவில்லை. அத்தா பேக்கரிக்காரரிடம் பேசி, ரொட்டி சுடுகிற போர்மாவில் வைத்து வேகவைத்துக் கொண்டுவந்தார். சந்து முழுக்க நெய்யும் பட்டையும் மணத்தது. பெரிய பறவை என்பது தெரிய வேண்டுமே என்று, வழக்கமாக வெட்டி எறிகிற கால்களை அவர் வெட்ட விடவில்லை. அம்மா ஒரு பக்கத்து நெஞ்சுக்கறியை எலும்போடு பெண்களுக்காக அரிந்து எடுத்துக்கொண்டாள். அரிந்த பக்கம் கீழே இருக்கும்படி பறவையைத் தட்டில் படுக்க வைத்தார்கள்.

எங்கள் விருந்தில் தனித்தனித் தட்டு கிடையாது. சஹன் என்று பெரிய வட்டத் தட்டு. ஈயம் பூசிய செம்பு. அதில் நெய்ச்சோறு குவித்து, சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து, ஒரே தட்டில் அவரவர் முன்னால் இருப்பதை உண்பார்கள். மூத்தவர் கை வைத்த பிறகே மற்றவர் கை வைக்க வேண்டும். அவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். எலும்பை அவரவர் பக்கத்துத் தட்டு விளிம்பில் ஒதுக்கி வைப்பார்கள். யார் எவ்வளவு தின்றார் என்பது எழுதி வைத்ததுபோல அதில் தெரியும்.

ஆண்கள் கூடத்தில். பெண்கள் திரை போட்ட உள்ளறையில். ஆண்கள் பக்கம் பள்ளிவாசல் இமாமான ஹஸ்ரத் வந்து துஆ ஓதுவதற்காகக் காத்திருந்தார்கள். படகில் எர்ணாகுளம் போய் பாலக்காட்டு ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் பெண்களைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் சஹனில் மாமி, அக்கா, பாலக்காட்டிலிருந்து வந்த இரண்டு பெண்கள், ஐந்தாவதாக நான். அம்மா பரிமாறினாள். அக்கா மாமியார் முன்னால் கூச்சத்தில் வெறும் சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். கறியை அவள் தொடவில்லை. மாமி தொட்டார். ஒரு துண்டு தின்று, கண்ணை ஒரு கணம் மூடினார்.

"நல்லாருக்கே. என்னா மெத்துன்னு இருக்கு. இன்னொரு துண்டு இங்க வைங்க."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மாமி இரண்டாவது துண்டையும் எலும்பு தெரியத் தின்றார். அப்போதுதான் கூடத்தில் குரல் உயர்ந்தது.

"இது என்னா?" பெரிய மாமாவின் குரல்.

"டர்க்கி, சம்மந்தி. வெள்ளக்காரன் காலத்துலேந்து போர்ட் கொச்சியில வளக்கிறதாக்கும்." இது அத்தா.

"காலப் பாருங்க. பின்னால நகம் நிக்குது. பிறாண்டற நகம். வரும்போது முத்தத்துல இன்னொண்ணு நின்னதையும் பாத்தேன். தலையில ஒரு பூட கெடயாது. பொணம் திங்கிற கழுகு மாதிரி."

"சேவலுக்கும் முள்ளு உண்டே சம்மந்தி."

"சேவல எனக்குத் தெரியும். இத எனக்குத் தெரியாது. நகத்தால கிழிச்சுத் திங்கிற பட்சி நமக்கு ஆகாது. அது தெரியுமா உங்களுக்கு?"

அத்தா தன் பெரிய சரக்கை எடுத்து வைத்தார். "பேரே டர்க்கி. துருக்கி! கலீஃபா ஆண்ட நாட்டுக் கோழி இது. அவங்க திங்கிறத நாம ஆகாதுன்னு பறயலாமா?"

"டர்க்கி டவல்னு துண்டுகூடத்தான் விக்கிறான். அதையும் கடிச்சுத் திம்பீங்களா?"

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் அத்தாவின் முகம் எனக்குத் தெரிந்ததுபோல இருந்தது. சிரிப்பு அடங்கும் முன் ஹஸ்ரத் வந்தார். அவர் நல்ல மனிதர், பயந்தவர். இதைத் தாம் பார்த்ததில்லை என்றும், விசாரித்துச் சொல்லும் வரை விலகியிருப்பது நல்லது என்றும் சொன்னார். பெரிய மாமா எழுந்தார். பிறகு வரிசையாக எல்லோரும் எழுகிற சத்தம். கை நனையாமல் எழுந்த விருந்தை அதற்கு முன் நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

"தங்கச்சி!" அவர் திரையருகே வந்து நின்றார். "உள்ள யாரும் அதத் தொடலியே? நீ தொட்டியா?"

மாமியின் கை சஹனில் அப்படியே நின்றது. விரல்களில் மசாலா மின்னியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. சுண்டுவிரலால் தன் முன்னால் கிடந்த எலும்புகளை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், சோற்றுக் குவியலின் ஓரமாக நகர்த்தி அக்காவின் பக்கம் சேர்த்தார்.

"இல்லண்ணே. நான் சோறுதான் அள்ளினேன்."

குரல் நடுங்கவே இல்லை.  பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று தெரியும். பொய்யை விரலால் தள்ளி இன்னொருவர் முன்னால் வைப்பார்கள் என்று தெரியாது.

பாலக்காட்டுப் பெண்களில் ஒருத்தி தட்டைப் பார்த்தாள். "புதுப்பொண்ணு தின்னிருக்கா" என்றாள். அவள் விரலைப் பார்த்திருந்தாளா, எலும்பை மட்டும் பார்த்தாளா, எனக்குத் தெரியாது.

"அப்ப அவ இங்கயே இருக்கட்டும்" என்றது திரைக்கு அப்பால் குரல். "இது ஆகுமா ஆகாதான்னு நான் கேட்டுத் தெரிஞ்சுக்கறேன். அப்புறம் பாக்கலாம்."

அக்கா தன் முன்னால் வந்து சேர்ந்த எலும்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மச்சானையும் கூட்டிக்கொண்டு அவர்கள் படகுத்துறைக்குப் போனார்கள். மச்சான் செருப்பைத் தேடுவதுபோல வாசலில் கொஞ்சம் நின்றார். பெரிய மாமா கூப்பிட்டதும் போய்விட்டார்.

அவர்கள் சந்து திரும்பியதும் அத்தா உள்ளே வந்து அக்காவைப் பார்த்துக் கத்தியதைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. "வயித்துக்கு அலஞ்சவளே! மாமியாருக்கு முன்னால உனக்கு என்னடி அவசரம்?" அந்தப் பறவையை வாங்கியவர், வேகவைத்தவர், கால்களை வெட்ட விடாதவர் அவர்தான்.

நான் அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப்போய் பார்த்ததைச் சொன்னேன். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டே, "பாத்தேன்" என்றாள்.

"பாத்தியா?"

"துண்டு வெச்சதே நான். எலும்பு எந்தப் பக்கம் கெடந்துதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்மா சொல்லல?"

"சொன்னா இவ அந்த வீட்டுக்கு எப்படிப் போவா? மாமியார ஊரறியப் பொய்க்காரியாக்கிட்டு அவங்களோட எப்படி இருப்பா? வாய மூடு."

அம்மா அறிந்தே விட்டுவிட்டாள் என்பது, மாமி செய்ததைவிடப் பெரிய அடியாக இருந்தது.

பிறகு வாரங்கள் போயின. அண்டை வீட்டுப் பெண்கள் மிச்சமிருந்த பறவையைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு அக்காவைப் பார்க்க வந்தார்கள். "அதுவா நீ தின்ன கழுகு?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா, "அதோட தம்பி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டதால் போர்ட் கொச்சிக்காரர் பறவையைத் திரும்ப எடுக்கவில்லை. அக்கா அதற்குக் குருணை போட்டாள். அவள் அருகில் போனால் அது கத்துவதில்லை.

அத்தா போகிற வருகிற எல்லோரிடமும் கலீஃபா கதையைச் சொல்லி ஆதரவு தேடினார். அந்தக் கதையின் உண்மை எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்து, செய்தித்தாளில் வேலைக்குச் சேர்ந்த பிறகு. கிறிஸ்துமஸ் பக்கத்துக்கு ஒரு பெட்டிச் செய்தி எழுதச் சொன்னார்கள். அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 

அந்தப் பறவை துருக்கியில் பிறந்ததே இல்லை. அமெரிக்கக் கண்டத்துக் காட்டுப் பறவை அது. மெக்சிகோ பக்கம் வளர்த்துத் தின்றார்கள். இது ஐரோப்பாவுக்கு வரும் முன்பே, ஆப்பிரிக்காவின் கினிக்கோழி துருக்கி வியாபாரிகள் வழியாக இங்கிலாந்துக்கு வந்திருந்தது. அதைத் துருக்கிக் கோழி என்றார்கள். புதிய பறவை வந்தபோது பழைய கோழியின் பெயரை இதன் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். துருக்கியிலேயே இதற்குப் பெயர் ஹிந்தி. அவர்களுக்கு இது இந்தியாவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்தியக் கோழிதான். அரபியில் ரோமானியச் சேவல். போர்த்துகீசியர்களுக்கு இதன் பெயர் பெரு. டச்சுக்காரர்களிடம் வந்தபோது பேனாவை வைத்துவிட்டேன். அவர்களுடைய சொல்லுக்கு மூலம் கோழிக்கோட்டுக் கோழி. எங்கள் சுமைதூக்கிகள் கத்திய கல்கம் அந்தச் சொல்லின் மிச்சமாகத்தான் இருக்க வேண்டும். டச்சுக்காரன் மலபார்க் கோழி என்று வைத்த பெயர், மலபாருக்கு வந்து, யாருடையது என்று தெரியாத ஒரு சொல்லாகி, எங்கள் சந்துமுனையில் நின்றது.

ஒவ்வொரு நாட்டுக்காரனும் தன் தட்டில் இருந்ததை அடுத்தவன் பக்கம் தள்ளியிருக்கிறான். தமிழ் மட்டும் வானத்தைப் பார்த்துக் கை காட்டிவிட்டது. டீச்சரின் அமெரிக்க உறவினர்கள் கொச்சியைக் காட்டினார்கள், அத்தா கலீஃபாவைக் காட்டினார். பெட்டிச் செய்தி எட்டு வரியில் வந்தது. நான் எழுதிய வேடிக்கையான தலைப்பை ஆசிரியர் பாராட்டினார்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். வேலூர் மதரசாவில் மார்க்கம் ஓதிய ஓர் ஆலிம் எங்கள் பள்ளிவாசலுக்குப் பேச வந்திருந்தார். அத்தா அவரை வற்புறுத்தி முற்றத்துக்கு அழைத்துவந்தார். "ஹஸ்ரத், இதோட பேரு டர்க்கி. அதாவது துருக்கி..." என்று தொடங்கினார்.

"பேரு கெடக்கட்டும். இது என்னா திங்குது?"

அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கைக் குருணையை எறிந்தாள். பறவை குனிந்து கொத்தியது. ஆலிம் சிறிது நேரம் பார்த்தார்.

"கொத்துது. கிழிக்கல. காலுல இருக்கிறது சண்டைக்கு உள்ள முள்ளு. கோழி வகைதான். தாராளமா சாப்பிடுங்க." பிறகு சாயா குடித்துவிட்டுப் போனார்.

அத்தா சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வாரக் கண்ணீரும் ஒரு கிளாஸ் சாயா ஆறும் முன் முடிந்துபோனதை நாங்கள் யாரும் நம்பவில்லை. அதே வாரத்தில் பாலக்காட்டிலிருந்தும் ஆள் வந்தது. பெரிய மாமாவும் விசாரித்துவிட்டாராம். தின்னலாமாம். பெண்ணை அழைத்துப்போக வருகிறார்களாம். வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை.

அம்மா, "ஆட்டுக்கறி மதி, அதுவே போதும்" என்றாள். அத்தா வேகமாகத் தலையாட்டினார். அப்போது அக்கா பேசினாள்.

"அந்த டர்க்கியையே அறுங்க அத்தா."

"மறுபடியுமா? உனக்கென்ன கிறுக்கா?"

"அது இல்லாட்டி நான் போகல."

எங்கள் வீட்டில் யாரும் அத்தாவிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். அக்கா கையால் தீனி போட்ட பறவை அது. மோதினார் வந்தபோது அவளே அதைப் பிடித்துக் கொடுத்தாள்.

இந்த முறை பெரிய மாமா கை வைத்தார். கூடத்தில் எல்லோரும் தின்கிற சத்தம் கேட்டது. உள்ளறையில் மாமி, அக்கா, அம்மா, நான், அந்தப் பாலக்காட்டுப் பெண்களில் ஒருத்தி. அம்மாவை அக்காதான் பரிமாற விடாமல் உட்கார வைத்தாள். மாமி முதல் விருந்துக்குப் பிறகு மெலிந்திருந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சோற்றை உருட்டினார்.

அக்கா நெஞ்சுக்கறியில் ஒரு துண்டு எடுத்துத் தன் வாயில் வைத்தாள். நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு, தாழ்த்தாத குரலில், திரைக்கு அப்பாலும் கேட்கும்படி சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கு மாமி. அன்னிக்கு நான் திங்கலையே, எனக்குத் தெரியல."

கூடத்தில் தின்கிற சத்தம் நின்றது. அம்மாவின் கை என் தொடையை இறுகப் பிடித்தது.  இனி இவள் வாழ்ந்த மாதிரிதான் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

"என்னா சொல்றா அவ?" பெரிய மாமா.

மாமி சஹனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  தையல்காரிகளுக்கு இருப்பதுபோல மெல்லிய விரல்கள் அவருக்கு. அவை சோற்றுக்குள் மூடிக்கொண்டன. பிறகு தலையைத் தூக்கித் திரையைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணே, அன்னிக்குத் தின்னது நான். ரெண்டு துண்டு. கேட்டு வாங்கித் தின்னேன். எலும்ப இவ பக்கம் தள்ளினதும் நான்தான். ஒனக்குப் பயந்துட்டேன்."

 பாலக்காட்டுப் பெண் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கூடத்தில் ஒருவர் எழுகிற சத்தம் கேட்டது. பெரிய மாமாதான் எழுகிறார், மறுபடியும் எல்லாம் போச்சு என்று அம்மா கண்ணை மூடினாள்.

"டேய், எங்க போற? பொம்பளைங்க இருக்கிற எடம்டா அது!" பெரிய மாமா.

திரை விலகியது. மச்சான் நின்றார். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். பாலக்காட்டுப் பெண் அலறிக்கொண்டு முக்காட்டை இழுத்தாள். அம்மா பதறிச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். எங்களில் ஆண்கள் அந்த அறைக்கு விருந்து நேரத்தில் வந்ததாக நான் அதற்கு முன்பும் அறியேன், பின்பும் அறியேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் சஹன் அருகே வந்து, தன் அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவே மண்டியிட்டார்.

வெளியே பெரிய மாமா இன்னும் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அக்கா தன் பக்கத்துச் சோற்றில் கொஞ்சம் அவர் பக்கம் ஒதுக்கி, நகர்ந்து இடம் விட்டாள்.